யார் முதலில் பேசுவது

1

போன வாரம் ஊரிலிருந்து ஸ்டெல்லா போன் செய்தாள். ஆவூரில் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், இப்போது ஊரிலேயே டீச்சர். கோயில் திருவிழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எனக்குத் தலைப்பையும் அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். தியானமும் மன அமைதியும்.

"நீதான்டி எழுதணும். அந்தப் போட்டோவப் பாத்துட்டு ஊரே பேசுது. வெள்ளைக்காரிய எல்லாம் கண்ண மூடி உக்காந்திருக்காளுக, நடுவுல நீ அப்படியே மாதா சுரூபம் மாரி இருக்கே" என்றாள்.

அந்தப் படம் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் எடுத்தது. யாரோ எனக்கு அனுப்ப, நான் நாத்தனாருக்கு அனுப்ப, அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. படத்தில் நான் சாந்தமாகத்தான் இருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரரும் ஏமாந்தார், என் மகளும் ஏமாந்தாள். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். திருவிழா மலருக்கு இது ஒத்து வராது என்றால் ஸ்டெல்லா கிழித்துப் போடட்டும். எனக்கு வருத்தமில்லை.

2

அயர்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மேற்குக் கரையில் கடலை ஒட்டிய சின்ன ஊர். நம் ஊரில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்போம், இங்கே மழை எப்போது விடும் என்று பார்க்கிறார்கள். நான் நர்ஸ். வீட்டுக்காரர் அந்தோணிக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்காட்டு வெக்கையில் வளர்ந்த மனுஷர் இங்கே மீன் பதனிடும் ஆலையில் முழங்கை வரை ஐஸில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரே மகள் ஜெனி. வரும்போது அவளுக்கு இரண்டு வயது.

எங்கள் மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் மூன்று. எனக்கு என் அப்பா பெயர், இவருக்கு இவர் அப்பா பெயர், ஜெனிக்கு இவர் பெயர். நம் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமா? இங்கே எந்த ஆபீஸ் கவுன்டரில் போய் நின்றாலும் மூன்று பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒரே குடும்பமா?" என்று கேட்பார்கள். கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, குடும்பம்தான் என்று நிரூபித்துவிட்டு வெளியே வருவோம்.

வந்த புதிதில் இன்னொரு கூத்து. "எப்படி இருக்கிறாய்?" என்று யார் கேட்டாலும் நான் நின்று பதில் சொல்வேன். முட்டி வலிக்கிறது, ஜெனிக்குச் சளி விடவில்லை, ஊரில் அம்மாவுக்குச் சுகர் ஏறிவிட்டது. கேட்டவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார், நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போவேன். ஆறு மாதம் கழித்து ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அது விசாரிப்பு இல்லையாம், வணக்கம் மாதிரியாம். நன்றாக இருக்கிறேன் என்ற அர்த்தத்தில் "கிராண்ட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். அன்றிலிருந்து நானும் கிராண்ட்.

போன குளிர்காலம் எங்கள் இல்லத்துக்கு மோசமான காலம். ஒரே மாதத்தில் ஐந்து பேரைப் பறிகொடுத்தோம். வருஷக்கணக்காகக் குளிப்பாட்டி, சோறூட்டி, கால் அமுக்கிவிட்ட ஆட்கள். வேலை செய்கிற பெண்கள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்கள். எங்கள் மேனேஜர் ஓர்லா, என்னைவிடப் பத்து வயது சின்னவள், நல்ல மனசுக்காரி, ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"மேரி, நீ இந்தியாவிலிருந்து வந்தவள். தியானம் உன் ரத்தத்திலேயே இருக்கும். வாரம் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடேன்" என்றாள்.

என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரை மட்டும்தான். நமக்குத் தெரிந்த தியானம் எது? தவக்காலத்தில் வெளியூர்ச் சாமியார் வந்து மைக்கைப் பிடித்து மூன்று நாள் நம்மை அழவைப்பாரே, அதுதான். கண்ணை மூடிக் கம்மென்று உட்கார்ந்தால் எங்கள் அம்மா தலையில் ஒரு தட்டு தட்டி, "கோயில்ல வந்து தூங்குறியா?" என்பாள். இதையெல்லாம் ஓர்லாவிடம் சொல்லி முடியாது என்று தள்ளியிருக்கலாம். ஆனால் எந்த மேனேஜரிடமும் இதுவரை நான் முடியாது என்று சொன்னதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, போனைப் பார்த்துப் பார்த்து நானே படித்தேன். காலையில் வாஷிங் மெஷின் இருக்கிற சின்ன அறையில் நாற்காலியைப் போட்டு இருபது நிமிஷம் உட்காருவேன். இரண்டே வாரத்தில் தேறிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆச்சரியப்பட்டிருக்கவே வேண்டாம். வாயைத் திறக்காமல் அசையாமல் இருப்பதற்கு எனக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருந்தது. அப்போது நான் என் மகளோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

3

ஜெனி டப்ளினில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முடித்துவிட்டு மூன்றாம் வருஷம் தொடங்குகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, படிப்பை விட்டுவிட்டேன் என்று நின்றாள். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத வேண்டுமானால் இந்த மலர் போதாது. "நாய்க்குச் செரைக்கவாடி ஒன்னயத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டி வந்தேன்?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள், எல்லாம் இங்கிலீஷில். வயசானவர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ள என்னால் முடியாது, நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னையே ஒரு தடவை பார் என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கடைசியில், "போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றேன்.

ஆவூரில் வளர்ந்த யாருக்கும் இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். எங்கள் அம்மா என்னிடம் இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லியிருப்பாள். ராத்திரி படுத்து எழுந்தால் அடுப்படியில் அவள் மூஞ்சியில்தான் முழிப்பேன். அவள் பேசமாட்டாள், ஆனால் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள். நான் இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டு திரிவேன். மூன்றாம் நாள், "யம்மா, பாவாடை கிழிஞ்சிருக்கு, ஊசி எங்க?" என்பேன். அவள் ஊசியை எடுத்துத் தருவாள். சண்டை அத்தோடு முடிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பது கிடையாது. சின்னவர்கள் முதலில் பேச வேண்டும், பெரியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். இதுதான் முறை.

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இந்த முறையைப் பதினொரு வருஷம் இழுத்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒரு மோட்டார். முறைநாள் மாறிப்போன தகராறு. அப்பா வரப்பில் நின்றுகொண்டு எங்கள் மாட்டைப் பார்த்து, "ஏ மாடு, நாளைக்கு மோட்டாரு நமக்குன்னு அங்கிட்டுச் சொல்லிரு" என்பார். சித்தப்பா அந்தப் பக்கத்திலிருந்து தென்னைமரத்தைப் பார்த்து, "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கிறச் சொல்லு" என்பார். மாடும் மரமும் பதினொரு வருஷம் அந்த இரண்டு வீட்டுக்கும் பேசின. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை. ஒரு ஈஸ்டர் அன்று காலையில் சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, கடப்பாரை வேணும்" என்றார். அப்பா, "மாட்டுக் கொட்டாயில கெடக்கு, எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் இரண்டு குடும்பமும் சேர்ந்து கறிச்சோறு தின்றோம்.

அதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆகையால் ஜெனியும் வருவாள் என்று உறுதியாக நம்பினேன். ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டு வருவாள், ரசப்பொடி வேண்டும் என்றோ பழைய ஸ்வெட்டர் எங்கே என்றோ. நான் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். முடிந்துவிடும்.

எனக்கு உறைக்காதது ஒன்றுதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் கிணறு இருந்தது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். எனக்கும் ஜெனிக்கும் நடுவில் மூன்று மணி நேர ரயில் பயணம் இருந்தது. சின்னவர்கள் முதலில் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவும் இல்லை. முகத்தில் முழிக்காதே என்றேன், அவள் முழிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் என் பேச்சை அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான்.

4

கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை. நான் முறுக்கும் கல்கலாவும் செய்து டப்பாவில் போட்டு வைத்தேன். தபாலில் அனுப்பட்டுமா என்று இவர் கேட்டார். "வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்" என்றேன். பொங்கல் போனது, அவள் பிறந்தநாள் போனது. இவரும் அவளும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசும்போது கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விடுவார், மழையாக இருந்தாலும். வந்த பிறகு, "எப்படி இருக்காளாம்?" என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நான் இறங்கிவிட்டதாக ஆகிவிடும் அல்லவா.

புதன்கிழமை மத்தியானம் இல்லத்தில் தியான வகுப்பு. பெண்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். மூச்சு உள்ளே போவதைப் பாருங்கள், வெளியே வருவதைப் பாருங்கள், எண்ணம் வந்தால் விரட்ட வேண்டாம், வந்தது போல் போய்விடும் என்பேன். அவர்களுக்கு அது நிஜமாகவே உதவியது. பாத்ரூமில் போய் அழுகிறவர்கள் குறைந்தார்கள். ஓர்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு அமைதி உனக்கு எங்கிருந்து வருகிறது மேரி?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன்.

வீட்டில் காலையில் உட்காரும்போது மடியில் போனை வைத்துக்கொள்வேன். சத்தம் வராமல் செய்துவிட்டு, வந்தால் அதிர்கிற மாதிரி வைத்திருப்பேன். மூச்சைக் கவனிக்கிறேன் என்று பெயர், கவனித்ததெல்லாம் தொடையில் ஏதாவது அதிர்கிறதா என்றுதான். இப்படி ஐந்து மாதம் உட்கார்ந்தேன். அதிரவில்லை.

ஆனால் பழக்கம் என்பது பொல்லாதது. உட்கார்ந்து உட்கார்ந்து உண்மையிலேயே மனசு மட்டுப்பட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள் இருபது நிமிஷம் முடிந்து கண்ணைத் திறந்தபோதுதான் உணர்ந்தேன், அந்த நேரம் முழுவதும் ஜெனியின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை. மனசு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்படிக்குப் போனேன். இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு அவ நெனப்பு ஒருதடவகூட வரல. நான் தேறிட்டேங்க" என்றேன்.

இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, நல்லது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆலையில் ஏதோ புது மெஷினுக்கு ட்ரெய்னிங் என்று டப்ளின் அனுப்புகிறார்கள், இரண்டு நாள் ஆகும் என்றார். மீன் வெட்டுகிறவருக்கு டப்ளினில் என்ன ட்ரெய்னிங் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தேன். இட்லி ஊற்றி டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.

5

ஜூலை மாதம் ஒரு மத்தியானம் டூட்டி முடிந்து வந்தபோது வாசல் கதவுக்குள் ஒரு கடிதம் கிடந்தது. டப்ளினில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, ஜெனி பெயருக்கு. மெடிக்கல் கார்டில் அவள் முகவரியை மாற்றவேயில்லை, அதனால் இங்கே வந்திருக்கிறது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று மற்ற நர்சுகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

குடல்வால் ஆபரேஷனுக்குப் பிந்தைய பரிசோதனைக்கு இன்ன தேதி இன்ன நேரத்துக்கு வரவும் என்று இருந்தது. ஆபரேஷன் நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அவளுக்கே போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன முறை என் கையைப் பிடித்தது. கடிதத்தில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். என் பெயரைக் கேட்டாள். ஜெனியின் கடைசிப் பெயரோடு அது ஒத்துப்போகவில்லை. அம்மா என்று சொன்னேன். அவள் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கவும், தொடர்புக்குக் கொடுத்திருக்கிற பெயர்களில் உங்கள் பெயர் இல்லை. நோயாளி வயது வந்தவர். எங்களால் எதுவும் சொல்ல முடியாது" என்றாள்.

இதே வாக்கியத்தை இதே குரலில் நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "கிராண்ட், நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம் வாயில் தானாக வந்துவிட்டது.

இவர் வேலை முடிந்து வந்தபோது கடிதத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"ட்ரெய்னிங்குன்னு போனது இதுக்குத்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். நான் தேறிவிட்டேன் என்று சொன்னதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெனி வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இவருக்குப் போன் செய்திருக்கிறாள். மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"அவ சொன்னத நான் கேக்கல புள்ள. காலையில நீ எந்திரிச்சு வந்ததும் சொல்லிரணும்னுதான் டீய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ வந்த. மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி. அவ நெனப்பே வரல, நான் தேறிட்டேங்கிற. பத்து மாசத்துல அன்னிக்குத்தான் நீ சிரிச்ச. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையில் மீன் வாடை அடித்தது. நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். மூச்சு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் கிடந்தேன்.

6

மறுநாள் லீவு சொல்லிவிட்டு டப்ளினுக்கு ரயில் ஏறினேன். கடையின் முகவரியை இவர் எழுதிக் கொடுத்திருந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எனக்குத் தமிழில் வரவில்லை. இங்கிலீஷில் இருக்கிறது, பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் சொல்கிறோமே, அது. பெற்ற பிள்ளையிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

கடை ஒரு மருந்துக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தேன். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், மெலிந்திருந்தாள். உயரமான மேஜையில் ஒரு பழுப்பு நிற நாய் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது. ஜெனி ஒரு கையால் அதன் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கத்தரிக்கோலை அதற்குத் தெரியாமல் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் அந்த நாயின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுல்லடா, ஒண்ணுல்ல. இந்தா முடிஞ்சிருச்சு. இந்தா ஆச்சு."

தமிழில்தான் பேசினாள். சின்ன வயதில் அவள் ஊசிக்குப் பயந்து அழும்போது நான் சொன்ன வார்த்தைகள் அவை. நாய் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் விட்டு நின்றது. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து நான் செய்கிறதை அவள் ஒரு கையால் செய்துகொண்டிருந்தாள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அப்பாக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அப்பா நல்லாருக்காரு. நான் சும்மாதான் வந்தேன்."

"இத முடிச்சுட்டு வாரேன்மா. பாதியில விட முடியாது" என்றாள்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் அந்த நாயை முடிக்க அரைமணி நேரம் ஆனது. ஆறு மாதம் தினமும் அசையாமல் உட்கார்ந்த எனக்கு அந்த அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. கைப்பையைத் திறந்தேன், மூடினேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைக்குப் பின்னால் துண்டுகள் அடுக்கி வைக்கிற சின்ன அறை. அங்கே கெட்டிலைப் போட்டு டீ கலந்து கொடுத்தாள். நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீதானம்மா வரக்கூடாதுன்னு சொன்ன."

"அது கோவத்துல சொல்றது. யாராவது அப்படியே எடுத்துக்குவாங்களா? நீ வந்து பேசுவன்னு நான் பத்து மாசமாக் காத்துக் கெடக்கேன். எங்க ஊர்ல அப்படித்தான். சின்னவுகதான் மொதல்ல பேசணும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. புரியாத ஒரு ஃபாரத்தைப் படிக்கிற மாதிரி பார்த்தாள்.

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றாள். "அப்பா உன் போட்டோ அனுப்புனாங்க, மெடிட்டேஷன் பண்றது. நான் சின்னப் புள்ளையில இருந்து உன் மூஞ்சிய அப்படிப் பாத்ததே இல்ல. எப்பப் பாத்தாலும் டென்ஷனாத்தான் இருப்ப. சரி, நான் வீட்டுல இல்லாததாலதான் நீ இவ்ளோ பீஸ்ஃபுல்லா இருக்கேன்னு நெனச்சேன். அதான் அப்பாகிட்ட, சொல்ல வேணாம், அம்மா இப்ப நல்லாருக்கான்னு சொன்னேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. கணக்குப் போட்டு வந்த விடையைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அழுதேன். ஒருத்தர் முன்னால் அப்படி அழுதது எங்கள் அப்பா செத்த அன்றைக்குப் பிறகு அதுதான். அவள் அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் நாய் ஷாம்பு வாசம் அடித்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன். அந்த வார்த்தை எனக்கு ரயிலில் தோன்றவேயில்லை, அங்கேதான் வந்தது.

"பரவால்லம்மா" என்றாள். இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரிச் சொன்னாள். வேறு யாராவது மன்னிப்புக் கேட்டிருந்தால் அதற்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

"கிறிஸ்துமஸுக்கு வாரியா?"

"பாக்கலாம்மா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டீயைக் குடித்தோம். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். "எங்க, காட்டு" என்றேன். அவள் தயங்கிவிட்டுச் சட்டையைத் தூக்கினாள். மூன்று சின்னத் தழும்பு. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு. விரலால் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு நன்றாக மங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"யாரு கட்டு மாத்துனது?"

"மொத ரெண்டு நாள் அப்பா. அவங்க கெளம்புனதும் நானே மாத்திக்கிட்டேன்."

"சுத்தமாப் பண்ணிருக்கே."

"ரெண்டு வருஷம் படிச்சேன்லம்மா."

யார் யார் காயத்தையோ இந்தக் கையால் எத்தனை வருஷமாகத் துடைத்துக் கட்டியிருக்கிறேன். இதில் எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் கையை எடுக்க மனம் வராமல் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். வெளியே மணி அடித்தது. சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, அடுத்த நாய் வந்துவிட்டது என்று எழுந்து போனாள்.